எவ்வளவு அகலம், எவ்வளவு முகம்: திறந்தவெளிக் கேமராக்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரையும் சிறுசேரியையும் தாண்டி, கேளம்பாக்கம் வருவதற்கு முன் இருக்கிறது படூர். அடுக்குமாடி வளாகங்கள், பல்கலைக்கழகம், ஏரி, கல் நட்டுக் கம்பி கட்டிய காலி மனைகள், கம்பியும் சிமென்டும் குவிந்து கிடக்கும் கட்டுமான இடங்கள் எல்லாம் இங்கே அடுத்தடுத்து வருகின்றன. கிழக்கே கேளம்பாக்கத்து உப்பளங்களும் கோவளம் கழிமுகமும். காவல் என்று வரும்போது இந்த வட்டாரத்துக்காரர்களின் கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: இடம் பெரிது, ஆள் குறைவு. வளாகத்தின் முன்வெளியில் எழுபது எண்பது வண்டிகள் நிற்கும். இரவில் ஒரே ஒரு செக்யூரிட்டி இருப்பார். ஐந்து ஏக்கர் லேஅவுட்டுக்கு ஒரு கேட்டும் நான்கு பக்கமும் வேலியும் இருக்கும். வேலியில் எங்காவது ஒரு சந்து விழுந்திருக்கும்.

இந்தக் கவலைக்கு மருந்தாகக் கடந்த சில ஆண்டுகளில் சந்தைக்கு வந்திருப்பவை அகலப்பார்வைக் கேமராக்கள். ஒரு கம்பம், ஒரு கேபிள், ஒரு கேமரா, 180 டிகிரி. நாலு கேமரா வேலையை இது ஒன்றே பார்த்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கும் வளாகங்கள், சம்பவம் நடந்த மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்து, யாரோ வந்ததும் எதையோ எடுத்ததும் போனதும் தெரிந்தும், வந்தவர் யார் என்று சொல்ல முடியாமல் நிற்கின்றன. அகலப்பார்வைக் கேமரா நிகழ்ச்சியைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்ல வேண்டிய இடம் வாசல். அகலத்துக்குச் செலவழிக்கும் முன் வாசலுக்குச் செலவழிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது.

இந்த இக்கட்டு புதிதல்ல. 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். தள்ளி நின்று எடுத்திருந்தால் கோயிலின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே படத்தில் அடங்கியிருக்கும். எழுத்து ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் அருகே நின்று, சுவரோடு நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே பட்டையாக்கினார். வாசிக்க வேண்டிய எழுத்துக்கு எவ்வளவு அருகில் போக வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்தார். அகலம் அதற்குப் பிறகு, ஒட்டுவதன் மூலம் வந்தது. இன்றைய பல லென்ஸ் கேமராக்கள் செய்வதும் அந்த ஒட்டு வேலைதான். ஒரே இடத்தில் நின்றபடி ஒட்டுகின்றன என்பது மட்டும் வேறுபாடு.

சந்தையில் ‘பனோரமிக்’ என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முதலாவது மீன்கண் கேமரா. ஒரே லென்ஸ் உலகம் முழுவதையும் ஒரு வட்டத்துக்குள் அடக்குகிறது. மேற்கூரையில் தலைகீழாகப் பொருத்தினால் சுற்றிலும் 360 டிகிரியும் தெரியும். லிஃப்ட் முன்கூடம், சூப்பர் மார்க்கெட், சிறிய முற்றம் ஆகியவற்றுக்கு அருமையானது. வெட்டவெளியில் இதன் பலம் விரைவில் தீர்ந்துவிடும். 12 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சென்சாரின் செவ்வகத்துக்குள் விழுவது வட்டம் என்பதால் மூலைகள் வீணாகின்றன. வட்டத்தின் குறுக்கே மிஞ்சுவது சுமார் 3000 புள்ளிகள். வளைந்த படத்தை நேராக்கிக் காட்ட மென்பொருளும் வேண்டும். அது ரெக்கார்டரில் இல்லாவிட்டால் செக்யூரிட்டியின் திரையில் ஓர் உருண்டைதான் தெரியும்.

இரண்டாவது, இரட்டை லென்ஸ் வகை. இரண்டு லென்ஸ்கள் இரண்டு பாதிகளைப் பார்க்க, உள்ளே இருக்கும் சில்லு இரண்டையும் தைத்து ஒரே நீளப் படமாகத் தருகிறது. வீடுகளுக்கும் சிறிய வளாகங்களுக்கும் இப்போது அதிகம் விற்பது இதுதான். 4 மெகாபிக்சலில் தொடங்கி, குறுக்கே 7680 புள்ளிகள் கொண்ட 16 மெகாபிக்சல் வரை வந்துவிட்டது. மூன்றாவது, நான்கு சென்சார்களை ஒரே குடத்துக்குள் வைத்து, ஒவ்வொன்றையும் வேண்டிய திசைக்குத் திருப்பிப் பூட்டும் வகை. கட்டடத்தின் மூலையில் வைத்தால் 270 டிகிரியும் பார்க்கும். விலை அதிகம். அதோடு அந்த ஒரு கேபிள் அறுந்தால் நான்கு திசையும் ஒரே நேரத்தில் இருண்டுவிடும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. நான்காவது, சுழன்று தொலைவை அருகே இழுக்கும் பிடிஇசட் கேமரா. இது அகலப்பார்வை அல்லவே அல்ல. வடக்கே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தெற்கே நடந்தது பதிவாகாது. பின்னால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. திரைமுன் எப்போதும் ஆள் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கே இது பயன்படும். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோதும், 2022-இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் இந்தக் கடற்கரையில் கண்காணிப்பு பலமாக இருந்தது. அந்த அளவுக்கு ஆள்பலத்தை எந்தக் குடியிருப்போர் சங்கத்தாலும் வைத்திருக்க முடியாது.

இனி கணக்குக்கு வருகிறேன். விற்பனைத் தாளில் டிகிரியும் மெகாபிக்சலும் இருக்கும். வாங்குபவர் கேட்க வேண்டிய எண் அவை இரண்டும் இல்லை. ஒரு மீட்டர் அகலத்தில் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்பதே கேட்க வேண்டியது. ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரத்தின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு அளவு வைத்தது. மீட்டருக்கு 25 புள்ளி இருந்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று கண்டறியலாம். 62 இருந்தால் என்ன உடை, என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். 125 இருந்தால் முன்பே தெரிந்தவரை இன்னார் என்று சொல்லலாம். முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகத்துக்கு இடமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும். நல்ல வெளிச்சத்தில் இவ்வளவு என்பதை மறக்கக் கூடாது.

180 டிகிரி கேமராவுக்கு இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளையே போட்டுவிடும். கேமராவிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஓர் அரைவட்டம் போட்டால் அதன் நீளம் 31.4 மீட்டர். சந்தையின் உச்சத்தில் உள்ள 7680 புள்ளிகளை அதில் பரப்பினால் மீட்டருக்கு 244 கிடைக்கும். அடையாளம் காட்டத் தேவையான 250-ஐ அது 10 மீட்டரிலேயே தொடவில்லை. 20 மீட்டரில் 122. தெரிந்தவரைச் சொல்லும் அளவு அங்கேயே முடிகிறது. 100 மீட்டரில் 24. ஏதோ அசைகிறது என்று தெரியும். குறுக்கே 4608 புள்ளிகள் கொண்ட 8 மெகாபிக்சல் வகையில் 10 மீட்டரிலேயே 147-தான். 3040 புள்ளிகள் கொண்ட 4 மெகாபிக்சல் வகையில் 97. சுவரில் பதித்த 12 மெகாபிக்சல் மீன்கண் ஏறத்தாழ அதே 95. இதற்கு எதிரே, 12 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட சாதாரண 4 மெகாபிக்சல் புல்லட் கேமராவை வைத்துப் பாருங்கள். அது பார்ப்பது ஏறத்தாழ 28 டிகிரி. 20 மீட்டர் தள்ளிப் பத்து மீட்டர் அகலம் மட்டும் தெரியும். ஆனால் அந்தப் பத்து மீட்டரில் மீட்டருக்கு 250-க்குக் குறையாமல் புள்ளிகள் விழும். விலையில் அது அகலப்பார்வைக் கேமராவைவிடப் பல மடங்கு குறைவு.

கம்பத்தின் உயரத்தைச் சேர்த்தால் கணக்கு இன்னும் இறுகுகிறது. அகலம் வேண்டும் என்று உயரத்தில் வைக்கிறோம். உயரத்திலிருந்து முகம் தெரியாது, உச்சந்தலையும் தொப்பியும் தெரியும். முகம் பார்க்க வேண்டுமானால் கேமராவின் பார்வை 10 முதல் 15 டிகிரிக்கு மேல் கீழ்நோக்கக் கூடாது என்பது நிறுவுவோர் வழக்கமாகக் கொள்ளும் அளவு. 6 மீட்டர் கம்பத்தில் வைத்த கேமராவுக்கும் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் முகத்துக்கும் இடையே 4.4 மீட்டர் வித்தியாசம். 15 டிகிரிக்குள் வர வேண்டுமானால் அந்த முகம் கம்பத்திலிருந்து 16 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். ஆனால் 16 மெகாபிக்சல் இரட்டை லென்ஸ் கேமராவின் அடையாள எல்லை 10 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. ஆக அந்தக் கம்பத்தைச் சுற்றி எந்த இடத்தில் நின்றாலும், புள்ளியும் போதுமானதாக, முகமும் நேராகக் கிடைக்காது. கேமராவில் குறை ஒன்றும் இல்லை. அந்த வேலைக்கு அதை அனுப்பியதுதான் குறை. முகத்துக்கான கேமராவை மூன்று அல்லது மூன்றரை மீட்டர் உயரத்தில், ஆள் கடந்தே தீர வேண்டிய கேட்டில் தனியாக வைக்க வேண்டும்.

தைத்த படத்தில் இன்னொரு சங்கடம் தையலிலேயே இருக்கிறது. இரண்டு லென்ஸ்களும் சில சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி இருப்பதால், குறிப்பிட்ட ஒரு தொலைவுக்கே இரண்டு பாதிகளும் சரியாகப் பொருந்தும். அதைவிட மிக அருகே வருபவர் தையலைக் கடக்கும்போது ஒரு கணம் மெலிந்து போவார், அல்லது இரண்டாகத் தெரிவார். அதனால் முக்கியமான எந்தப் பாதையும் படத்தின் நட்டநடுவில் வராதபடி கேமராவைச் சற்றே திருப்பி வைப்பது நல்லது. நிறுவ வருபவர்கள் கேட்டை நடுவில் வைத்தால் அழகாக இருக்கும் என்று நினைத்து நேர்மாறாகச் செய்வார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, அகலப்பார்வையின் பக்கம் நின்றும் பேச வேண்டும். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை பேர், யார் முதலில் கை ஓங்கினார்கள், குழந்தை எந்த வழியாக வெளியே ஓடியது ஆகிய கேள்விகளுக்குக் குறுகிய கேமராக்கள் துண்டு துண்டாகவே பதில் சொல்லும். இடையில் விடுபட்ட சில நொடிகளில்தான் விவகாரம் நடந்திருக்கும். அகலமான ஒரே படம் நிகழ்ச்சியை உடைக்காமல் தருகிறது. பதிவான படத்துக்குள் பின்னால் எந்தத் திசையிலும் நெருங்கிப் பார்க்கலாம். பிடிஇசட் கேமராவால் ஒருபோதும் முடியாத காரியம் இது. காற்றில் கம்பம் ஆடும்போது குறுகிய லென்ஸின் படம் குலுங்கும். அகல லென்ஸ் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். 2016 டிசம்பரில் வர்தா, 2022 டிசம்பரில் மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறிய மாண்டஸ் என்று புயல்களைக் கண்ட கரைக்கு இது சிறிய அனுகூலம் அல்ல.

பாதைக்கு அருகே இருக்கும் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, நிலையத்தில் கேமரா இல்லை. காவல்துறைக்குக் கிடைத்தது அருகிலிருந்த தெருவில் தனியார் கட்டடம் ஒன்றின் கேமரா பதிவு. சந்தேகத்துக்குரியவர் நடந்துபோன வழியில் அந்தக் கேமரா இருந்ததே அதன் மதிப்பு. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அப்போதைய மாநகரக் காவல் ஆணையர் ஏ.கே. விஸ்வநாதன் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமரா பொருத்தும் இயக்கத்தை நடத்தினார். 2020-இல் சர்ஃப்ஷார்க் நிறுவனம் எடுத்த உலகக் கணக்கில், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள் என்று சென்னை முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு கம்பேரிடெக் எடுத்த கணக்கில் டெல்லி, லண்டனுக்குப் பிறகு மூன்றாமிடம். அடர்த்தியில் முதலா மூன்றா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. எத்தனை கேமராக்கள் ஒரு முகத்தையாவது தெளிவாகத் தரும் இடத்தில் இருக்கின்றன என்று யாரும் எண்ணவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இரவு வேறொரு உலகம். பகலில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். திருட்டு பகலில் மட்டும் நடப்பதில்லை. அகச்சிவப்பு விளக்கின் ஒளியை 28 டிகிரிக்குள் குவித்தால் தொலைவு போகும். அதே ஒளியை அரைவட்டம் முழுதும் பரப்பினால் வலுவிழக்கும். ஆகவே பெட்டியில் ‘30 மீட்டர்’ என்று எழுதியிருந்தால், இரண்டு ஓரங்களிலும் அந்த முப்பது கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சம் குறையக் குறையக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் பைக் அதற்குள் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம்பர் பிளேட் வெறும் தீற்றலாகப் பதியும். பிளேட்டைப் படிக்க 500-இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமான ஷட்டரும், குறுகிய லென்ஸும், தனி அகச்சிவப்பு விளக்கும் வேண்டும். அப்படி அமைத்த கேமராவில் இரவில் பிளேட் பளிச்சென்று தெரியும், சுற்றிலும் எல்லாம் கறுப்பாக இருக்கும். ஒரே கேமரா இரண்டையும் செய்யாது. சங்கிலி பறித்துக்கொண்டு பைக்கில் பறப்பவர்களை நினைத்து அகலக் கேமரா வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரவிலும் வண்ணத்தில் தெரிய வேண்டும் என்று கேமராவிலேயே வெள்ளை விளக்கு வைத்துத் தரும் வகைகள் இப்போது பரவலாகிவிட்டன. சட்டை சிவப்பா நீலமா என்று சொல்ல முடிவது விசாரணைக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் நீலாங்கரையிலிருந்து கோவளம் வழியாக மாமல்லபுரம் வரை நீளும் இந்தக் கரை, பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடும் கரை. ஜனவரி முதல் மார்ச் வரை அவை கரையேறுகின்றன. ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் பொரிந்து கடல்மீது படியும் வானொளியை நோக்கி ஓடுகின்றன. கரைப்பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தால் அதைக் கடல் என்று நம்பி நிலத்தை நோக்கி வந்து மடிகின்றன. 1988 முதல் சென்னைக் கரையில் இரவிரவாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றிவரும் மாணவர் அமைப்பினர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இதையே. கோவளத்திலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ கடலைப் பார்த்த சுவரில் கேமரா வைப்பவர்கள் வெள்ளை விளக்கு வகையைத் தொடவே கூடாது என்பேன். அகச்சிவப்பு போதும். படூர் ஏரிப்பக்கம் இருப்பவர்களுக்கும் அகச்சிவப்பே நல்லது. வெள்ளை வெளிச்சத்துக்கு மழைக்கால ஈசல் மொய்த்தால் கேமரா விடியும்வரை பூச்சியைத்தான் பதிவுசெய்யும். சிலந்தி மட்டும் எந்த விளக்கையும் விடாது. லென்ஸ் முன் கட்டிய வலை அகச்சிவப்பில் வெள்ளைத் திரையாக ஒளிரும். விளக்கைக் கேமராவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தனியாக வைத்தால் தொல்லை குறையும். மாதம் ஒரு முறை நீளக் கழியில் துணி கட்டித் துடைப்பதைத் தவிர்க்க முடியாது.

உப்புக்காற்றைப் பற்றி விற்பனைத் தாள்கள் பேசுவதில்லை. ஐபி67 என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்ற உறுதி. உப்பு அரிக்காது என்ற உறுதி அல்ல. முதலில் போவது கேமரா அல்ல, அதைத் தாங்கும் திருகாணியும் தாங்கியும் கேபிள் முனையும்தான். அலுமினிய உடலில் சாதாரண இரும்புத் திருகு போட்டால் அரிப்பு விரைவில் தொடங்கும். 316 ரக எவர்சில்வர் திருகு, மூடிய ஜங்ஷன் பாக்ஸ், கேபிள் இணைப்பைச் சுற்றி நீர்புகா உறை ஆகிய மூன்றும் சேர்ந்தும் பெரிய செலவில்லை. இந்த ஊரில் ஒரு கேமராவின் ஆயுளை முடிவுசெய்வது அவைதான். கேபிள் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளைச் செம்புக் கேபிள் என்றே கொடுப்பவர்கள் உண்டு. அகலப்பார்வைக் கேமரா சாதாரணக் கேமராவைவிட அதிக மின்சாரம் இழுக்கும். இரவில் விளக்கு எரியும்போது, நீளமான மட்டக் கேபிளில் மின்னழுத்தம் இறங்கிக் கேமரா அணைந்து அணைந்து எழும். நெட்வொர்க் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் ஃபைபர் இழுப்பது உத்தமம். இடி மின்னலும் ஃபைபர் வழியே ஏறி ரெக்கார்டரைச் சுடாது. கம்பத்துக்கு நல்ல எர்த்திங், இரண்டு முனையிலும் சர்ஜ் காப்பான், சில மணி நேரம் தாங்கும் யுபிஎஸ் ஆகியவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டும்.

பதிவு எத்தனை நாள் இருக்கும்? நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு நாள் முழுதும் பதிந்தால் 10.8 ஜிபி. 16 மெகாபிக்சல் கேமராவுக்கு நொடிக்கு 16 மெகாபிட் கொடுத்தால் ஒரு நாளுக்கு 173 ஜிபி. முப்பது நாளுக்கு 5.2 டிபி. 2 டிபி ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுவிட்டு, இடம் போதாது என்று வேகத்தை 4-க்கோ 6-க்கோ இறக்கி வைத்தால், காசு கொடுத்து வாங்கிய புள்ளிகள் எல்லாம் இரவில் குழைந்த வண்ணமாகிவிடும். பதிவு அழிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் காவல் மரணங்கள் குறித்த விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர், அங்கே 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதமும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குடியிருப்புக்கு அவ்வளவு தேவையில்லை. முப்பது நாள் நியாயமான அளவு. ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து பூட்டு உடைந்திருப்பதைக் காண்பவருக்கும் அது உதவும். ரெக்கார்டரின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழும் அதில் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. பென் டிரைவில் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் பதிவை அழிய விட்டால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும்.

நேரலையாகப் பார்ப்பது பற்றியும் ஒரு கணக்கு. 50 மீட்டர் தொலைவில் நிற்கும் ஆள், 7680 புள்ளிக் கேமராவின் பதிவில் சுமார் 83 புள்ளி உயரம் இருப்பார். 1920 புள்ளி அகலமுள்ள சாதாரண மானிட்டரில் அந்தப் படத்தைச் சுருக்கிக் காட்டும்போது அவர் 21 புள்ளி. நான்கு படமாகப் பிரித்த திரையில் 10 புள்ளி. இரவு இரண்டு மணிக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனால் அந்தப் பத்துப் புள்ளியைப் பார்க்க முடியவில்லை என்று திட்டுவது அநியாயம். ஆளையும் வண்டியையும் தானே கண்டு எச்சரிக்கும் வசதி உள்ள கேமராவை வாங்கி, வேலியோரத்தில் மட்டும் கோடு போட்டு வைத்தால் அவருக்கு உதவியாக இருக்கும். நாயும் மாடும் தென்னங்கீற்றும் மணியடித்துக்கொண்டே இருந்தால் மூன்றாம் நாள் அவரே அதை நிறுத்திவிடுவார். கோட்டைச் சரிசெய்ய ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும்.

அகலத்தின் மிகப் பெரிய விலையைப் பணத்தில் சொல்ல முடியாது. 28 டிகிரி கேமரா நம் கேட்டைப் பார்க்கும். 180 டிகிரி கேமரா எதிர்வீட்டு மொட்டைமாடியையும், பக்கத்துக் கட்டுமானத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் குளிக்கும் இடத்தையும், ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவரையும் இரவும் பகலும் சேர்த்து எடுக்கும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னபோது, மதில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், வீட்டில் வைத்த கேமரா பொதுத்தெருவையும் பதிவுசெய்தால் அதை வெறும் வீட்டு விவகாரம் என்று சொல்ல முடியாது எனத் தீர்ப்பளித்தது. நம் 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிநபர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு விலக்கு அளிக்கிறது. குடியிருப்போர் சங்கம் தனிநபர் அல்ல. அதன் கேமராவுக்கு அந்த நிழல் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல என்பது என் கருத்து. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறர் வீட்டுச் சன்னலையும் கொட்டகையையும் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி எல்லா நல்ல கேமராவிலும் இருக்கிறது. நிறுவும் அன்றே அதைப் போட்டுவிட்டு, பக்கத்துக்காரரை அழைத்துத் திரையில் காட்டிவிடலாம். மைக்கை அணைத்துவிடலாம். ‘இங்கே கேமரா உள்ளது’ என்ற பலகையைத் தமிழிலும் இந்தியிலும் வைக்கலாம், ஏனென்றால் அந்தக் கொட்டகையில் இருப்பவர்களில் பலர் வடக்கிலிருந்து வந்தவர்கள்.

கேமராவே ஓட்டையாகவும் ஆகலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகம் முழுதும் கைப்பற்றிப் பல பெரிய இணையதளங்களை முடக்கியது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்கப்பட்டது வெளியே வந்தபோது நாடே கூசியது. 2024 ஏப்ரல் 9 அன்று ஒன்றிய மின்னணு அமைச்சகம் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி அறிவிக்கை வெளியிட்டது. 2025 ஏப்ரல் 9 முதல் அது அமலில் இருக்கிறது. வாங்கப்போகும் மாடல் எண்ணுக்கே அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘எங்கள் கம்பெனிக்கு இருக்கிறது’ என்பது பதில் ஆகாது.

இனி படூர்க்காரருக்கு என் பரிந்துரை. அடுக்குமாடி வளாகத்தின் முன்வெளிக்கு, நாலு மீட்டர் உயரத்தில் சுவரோடு ஓர் இரட்டை லென்ஸ் 180 டிகிரி கேமரா. உள்ளே வரும் ஆள் முகத்துக்கு ஒன்று, வண்டி எண்ணுக்கு ஒன்று என்று கேட்டில் இரண்டு குறுகிய கேமராக்கள். பணம் குறைவாக இருந்தால் கேட்டுக் கேமராக்களை முதலில் போட்டு, அகலத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். மறுதலையாகச் செய்யக் கூடாது. ஐந்து ஏக்கர் லேஅவுட்டை ஒரு கேமராவால் காக்க முடியாது. அங்கே வேலியில் விழுந்த சந்தை முதலில் அடைத்துவிட்டு, வழியை ஒன்றாக்கி, அந்த வழியில் கேமரா வைப்பதே புத்திசாலித்தனம். நடுவில் வைக்கும் அகலக் கேமரா ஆள் நடமாட்டத்தை மட்டும் சொல்லும், அதுவும் ஐம்பது அறுபது மீட்டர் வரைக்கும் நம்பலாம். கட்டுமான இடம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், திசை மாற்றிப் பூட்டும் நான்கு சென்சார் வகைக்கு அங்கே கொடுக்கும் விலை வீணாகாது. கோவளம் பக்கத்து விடுதிகளுக்கு உப்பும் ஆமையும் பற்றிச் சொன்னதே போதும்.

எந்த வகையானாலும், முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் ஓர் அமாவாசையை ஒட்டிய இரவில் சோதனை வைக்க வேண்டும். வளாகத்துக்குப் புதிதான ஒருவரைத் தொப்பியோடும் தொப்பி இல்லாமலும் கேட்டிலிருந்து வண்டி நிறுத்தும் இடம் வரை நடக்கச் சொல்லுங்கள். ஒரு பைக்கை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே விட்டு வெளியே விடுங்கள். இரவு மின்சாரத்தைப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். மறுநாள், நேரலையை விட்டுவிட்டு, பதிவிலிருந்து அந்த முகத்தையும் அந்த எண்ணையும் எடுத்துத் தரும்படி நிறுவியவரிடம் கேளுங்கள். அவர் எடுத்துத் தந்த படத்தைப் பார்த்து, நடந்தவரை நேரில் பார்த்திராத குடியிருப்புக்காரர் ஒருவரால் நாலு பேருக்கு நடுவில் அவரைச் சுட்டிக்காட்ட முடிந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். முடியாவிட்டால் லென்ஸையோ உயரத்தையோ இடத்தையோ மாற்றச் சொல்லி, அடுத்த அமாவாசைக்கு மறுபடி நடத்தலாம்.